கண் ஓபியில் முதல் நாள் முதல்: மருத்துவ மாணவர் பின்பற்ற வேண்டிய பரிசோதனை வரிசை

கண் பரிசோதனையில் எந்தப் படியும் தனியாகக் கடினமில்லை. மாணவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டை முதலில் போட்டுவிட்டால், கண்பாப்பா ஒளிக்குச் சுருங்குவதைப் பிறகு பார்க்க முடியாது. மரத்துப்போகும் சொட்டு விட்டபின் கார்னியாவின் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) உணர்வைச் சோதிப்பதில் பொருளில்லை. பார்வையை எழுதாமல் கண்ணைத் தொட்டால், பார்வை எப்போது குறைந்தது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. ஒரு சோதனை அடுத்ததைக் கெடுக்காதபடி கீழே உள்ள வரிசை அமைந்திருக்கிறது. ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரும்போதும் இதே வரிசை செல்லும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒளி சிதறாத நல்ல பேனா டார்ச், நீல வடிகட்டி, பின்ஹோல் துளையிட்ட அட்டை, மில்லிமீட்டர் அளவுகோல், பஞ்சு, பட்ஸ், ஃப்ளூரசின் (கார்னியாவின் கீறலைக் காட்டும் சாயம்) காகிதத் துண்டுகள், டைரக்ட் ஆப்தால்மாஸ்கோப் (கண்ணுக்குள் பார்க்கும் கருவி). பின்ஹோல் இல்லையென்றால் கெட்டி அட்டையில் சுமார் 1.2 மிமீ துளை போட்டுக்கொள்ளலாம். துளை பெரிதானால் மங்கல் குறையாது. மிகச் சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி மீண்டும் மங்கும்.

செல்போன் டார்ச்சைத் தவிர்ப்பது நல்லது. அதன் ஒளி அகலமாகப் பரவுவதால் ஒரு கண்ணுக்குக் காட்டும்போது மறு கண்ணிலும் விழும். கண்பாப்பா சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

ஃப்ளூரசினைப் பாட்டில் கரைசலாக வாங்கி வைக்காதீர்கள். திறந்த பாட்டிலில் சூடோமோனாஸ் எளிதாக வளரும். கீறல் விழுந்த கார்னியாவில் அந்தக் கிருமியை விட்டால் ஓரிரு நாளில் கண்ணே போகலாம்.

2. கேட்க வேண்டியது

"என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு, சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். "உறுத்துது" என்றால் இமையடியிலோ கார்னியாவின் மேல்பரப்பிலோ ஏதோ இருக்கிறது. "கூசுது" என்றால் கார்னியாவோ ஐரிஸோ (கண்பாப்பாவைச் சுற்றிய நிறத் திரை) அழன்றிருக்கலாம். "பூச்சி பறக்குது, பளிச் பளிச்னு மின்னுது" என்பவருக்கு விழித்திரை பிரிகிறதா என்று அன்றே கண்பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கண், எப்போதிருந்து, திடீரென்றா மெல்லவா, வலி உண்டா என்ற நான்குக்கும் விடை வேண்டும். வலியில்லாமல் திடீரெனப் பார்வை போனால் ரத்தக்குழாய், விழித்திரை, விட்ரியஸ் (கண்ணுக்குள் நிறைந்த கூழ்) ரத்தக்கசிவு என்று யோசனை போகும். வலியோடு போனால் கார்னியாப் புண், குளுக்கோமா (கண் அழுத்த நோய்), யுவியைட்டிஸ் (கண்ணின் உள் அழற்சி).

பிறகு மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் கேள்வி: "இதுவரைக்கும் கண்ணுல என்னம்மா விட்டீங்க?" தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு, மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சொட்டு என்று பலவும் வரும். கடைச் சொட்டு என்றால் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கேட்கும் குரலில் கண்டிப்பு தெரிந்தால் உண்மை வராது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சல்ஃபா அலர்ஜி நான்கையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண் அழுத்தத்தைக் குறைக்கும் டைமலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலைத் தரும். அதற்கே தரும் அசிட்டஜோலமைடு சல்ஃபா வகை மருந்து.

3. பார்வைத் திறன்: எல்லாவற்றுக்கும் முன்

6 மீட்டர் தூரத்தில் ஸ்னெல்லன் அட்டை. அந்தத் தூரத்திலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக இருப்பதால் லென்ஸ் குவிய வேண்டிய தேவை இராது. அறை 3 மீட்டர்தான் என்றால் கண்ணாடியும் இடவலம் மாற்றி அச்சிட்ட அட்டையும் வைத்து தூரத்தை இரட்டிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஈ வடிவ அட்டை. அதன் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் வலது கண், பிறகு இடது. ஒவ்வொன்றையும் கண்ணாடி இல்லாமல், கண்ணாடியோடு, பின்ஹோல் வைத்து என்று மூன்று முறை பாருங்கள். பின்ஹோலில் கூடினால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் தீரும் குறை. கூடவில்லை என்றால் கார்னியா, லென்ஸ், விழித்திரை, நரம்பு என்று தேட வேண்டும். பின்ஹோலில் குறைந்தால் மேக்குலாவையோ (விழித்திரையின் நடுப்பகுதி) லென்ஸின் நடுவில் இருக்கும் புரையையோ சந்தேகியுங்கள்.

6/60 வரியும் தெரியவில்லை என்றால் நோயாளியை ஒவ்வொரு மீட்டராக முன்னே வரச் சொல்லி 5/60, 4/60 என்று 1/60 வரை பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முகத்தருகே விரல் எண்ணுதல், பிறகு கை அசைவு, பிறகு வெளிச்சம் தெரிகிறதா என்பது. வெளிச்சம் மட்டும் தெரிந்தால் மேல், கீழ், வலம், இடம் என நான்கு பக்கமிருந்தும் டார்ச் அடித்து எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். முற்றிய புரைக்குப் பின்னால் விழித்திரையை நம்மால் பார்க்க முடியாது. திசை சரியாகச் சொல்வதுதான் விழித்திரையும் நரம்பும் ஓரளவு நன்றாக இருப்பதற்குச் சாட்சி.

இந்த இடத்தில் நடக்கும் பிழைகள் ஏராளம். நோயாளி விரல்களால் கண்ணை மூடுவார், இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பார். அல்லது உள்ளங்கையால் அழுத்துவார், அடுத்து அந்தக் கண்ணைப் பார்க்கும்போது சில நிமிடம் மங்கலாகவே இருக்கும். கையைக் குவித்து, கண்ணில் படாமல் மூடச் சொல்லுங்கள். இமையைச் சுருக்கிப் பார்ப்பவர் தனக்குத் தானே பின்ஹோல் செய்துகொள்கிறார், விடாதீர்கள். இரண்டாவது கண்ணுக்கு வரியைப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னால் மனப்பாடம் உடையும். ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது என்று எழுதும் முன், மறு கண் முழுக்க மூடியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

நாற்பதைக் கடந்தவருக்குக் கிட்டப் பார்வையையும் சுமார் 35 செமீ தூரத்தில் பார்த்து எழுதுங்கள். கேஸ் ஷீட்டில் "பார்வை நார்மல்" என்று எழுதுவது எழுதாமல் விடுவதற்குச் சமம். எண் வேண்டும்.

4. கண்பாப்பா: எந்தச் சொட்டுக்கும் முன்

அறை வெளிச்சத்தைக் குறையுங்கள். "ஐயா, தூரத்துச் சுவரையே பாருங்க" என்று சொல்லுங்கள். டார்ச்சைப் பார்த்தால் கிட்டப் பார்வைக்காகவே கண்பாப்பா சுருங்கிவிடும், அது ஒளிக்குச் சுருங்கியது போலத் தோன்றும். டார்ச்சைக் கீழிருந்து கொண்டுவருவது இதனால்தான்.

அளவு, வட்டம், நேரடி எதிர்வினை, மறு கண்ணின் எதிர்வினை என்று பார்த்தபின் ஊசலாடும் டார்ச் சோதனை. ஒரு கண்ணில் 2 முதல் 3 வினாடி, சட்டென்று மூக்கைத் தாண்டி மறு கண், அங்கும் அதே நேரம். ஒளி விழுந்ததும் சுருங்க வேண்டிய கண்பாப்பா விரிந்தால் ஆர்ஏபிடி (அந்தக் கண் ஒளியை மறு கண்ணைவிடக் குறைவாக உணர்வது) இருக்கிறது. ஆப்டிக் நரம்பிலோ விழித்திரையின் பெரும்பகுதியிலோ கோளாறு. புரை எவ்வளவு முற்றினாலும் ஆர்ஏபிடி வராது. புரையோடு அது இருந்தால், புரையை எடுத்தாலும் பார்வை எதிர்பார்த்தபடி வராது என்று அறுவைக்கு முன்பே சொல்லிவிடலாம்.

ஒரு கண்ணில் கூடுதல் நேரம் டார்ச்சை வைத்திருப்பதுதான் இங்கே பொதுவான தவறு. அந்தக் கண்ணின் விழித்திரை ஒளிக்குப் பழகிப்போய், இல்லாத ஆர்ஏபிடியை உண்டாக்கிக் காட்டும்.

இரண்டும் வெவ்வேறு அளவில் இருந்தால் வெளிச்சத்திலும் இருட்டிலும் பாருங்கள். இருட்டில் வித்தியாசம் கூடினால் சிறியதே பழுது. வெளிச்சத்தில் கூடினால் பெரியது. விரிந்த கண்பாப்பா, தொங்கும் இமை, தலைவலி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பாக இருக்கலாம். அவர் கண் வார்டில் உட்காரக் கூடாது.

5. அசைவும் பார்வைப் பரப்பும்

இரண்டும் சேர்ந்து மூன்று நிமிட வேலை. தலையை அசைக்காமல் விரலைப் பின்தொடரச் சொல்லி ஆறு திசையிலும் பாருங்கள். இரட்டையாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு திசையிலும் கேளுங்கள். பிறகு எதிரெதிரே ஒரு மீட்டரில் உட்கார்ந்து, நோயாளியின் வலது கண்ணை மூடும்போது உங்கள் இடது கண்ணை மூடி, நான்கு கால் பகுதியிலும் விரல் எண்ணச் சொல்லுங்கள். விரல்கள் இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிவது அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் இங்கே அளவுகோல்.

6. டார்ச்சில் வெளியிலிருந்து உள்ளே

இமை, இமைமுடி, கண்ணீர்ப் பை, கன்ஜங்டைவா (வெள்ளை விழியின் மேல் சவ்வு), ஸ்கிளிரா (வெள்ளை விழி), கார்னியா, முன்னறை (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட அறை), ஐரிஸ், லென்ஸ். மேலிருந்து உள்ளே போகும் இந்த ஒழுங்கில் பார்த்தால் எதுவும் விடுபடாது. கண்ணில் படும் வெள்ளைப் புரைக்கு நேரே தாவுகிறவர்கள் இமைமுடி உள்நோக்கி வளர்ந்து கார்னியாவை உரசுவதைத் தவறவிடுகிறார்கள்.

கண்ணீர்ப் பையை அழுத்திப் பார்ப்பதை எவருக்கும் விடாதீர்கள். கீழ் இமையைச் சற்று இழுத்துக்கொண்டு, மூக்கோரத்தில் எலும்பு விளிம்புக்கு உள்பக்கமாகச் சுட்டுவிரலால் அழுத்துங்கள். இமையோரக் கண்ணீர்த் துளை வழியே சீழோ சளி போன்ற நீரோ திரும்பி வந்தால் பையில் நாள்பட்ட தொற்று. அப்படியே புரை அறுவை செய்தால் கிருமி கண்ணுக்குள் போகும். முதலில் பையைச் சரிசெய்ய வேண்டும். ஆறாத கார்னியாப் புண்ணுக்கும் இதே பை காரணமாக இருக்கலாம். பை சிவந்து வீங்கி வலிக்கிறது என்றால் மட்டும் அழுத்தக் கூடாது.

மேல் இமையைப் புரட்டுவதற்கு நோயாளி கீழே பார்க்க வேண்டும். இமைமுடியைப் பிடித்து முன்னே கீழே இழுத்து, இமை விளிம்புக்குச் சுமார் 1 செமீ மேலே பட்ஸை வைத்து மடக்குங்கள். தூசி பெரும்பாலும் விளிம்பிலிருந்து 2 மிமீ உள்ளே இருக்கும் சிறு பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். நோயாளி மேலே பார்த்த கணம் இமை தானே திரும்பிவிடும், எனவே "கீழேயே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

முன்னறையின் ஆழத்துக்கு டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து ஐரிஸுக்கு இணையாக அடியுங்கள். ஐரிஸ் முழுதும் ஒளிர்ந்தால் ஆழம் போதும். மூக்குப் பக்கத்துப் பாதி நிழலில் கிடந்தால் அறை ஆழமற்றது; அப்படிப்பட்ட கண்ணில் விரிக்கும் சொட்டு திடீர்க் குளுக்கோமாவைத் தூண்டலாம்.

லென்ஸில் முற்றாத புரை சாம்பலாகத் தெரியும். அதன்மேல் ஐரிஸின் நிழல் பிறை போல விழும். முழுக்க முற்றியதில் முத்து வெண்மை, நிழல் இராது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் வாய்மொழித் தேர்வில் மாட்டுவது உறுதி.

7. கார்னியா: உணர்வு முதலில், சாயம் பிறகு

பஞ்சை நூலாகத் திரித்துப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கார்னியாவின் நடுவைத் தொடுங்கள். முன்னாலிருந்து வந்தால் கண்டவுடனேயே சிமிட்டிவிடுவார். அது உணர்வுக்குச் சான்றாகாது. இமைமுடியில் பட்டாலும் கணக்கில்லை. உணர்வு குறைந்திருந்தால் ஹெர்பிஸ் வைரஸ் நினைவுக்கு வர வேண்டும்.

அடுத்து ஃப்ளூரசின் துண்டை ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கீழ் இமையின் உள்பக்கம் தொடுங்கள். ஒருமுறை சிமிட்டச் சொல்லி நீல ஒளியில் பாருங்கள். எபிதீலியம் (கார்னியாவின் மேல்தோல்) போன இடம் பச்சையாக ஒளிரும். கிளைவிட்ட மரம் போன்ற கறை ஹெர்பிஸ். செங்குத்தாக இணையான கீறல்கள் தெரிந்தால் மேல் இமைக்குள் தூசி இருக்கிறது; திரும்பவும் புரட்டுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முன்பே கழற்றச் சொல்ல வேண்டும், சாயம் ஏறினால் போகாது.

மரத்துப்போகும் சொட்டான பிராபரகெய்ன் 0.5% இந்தப் படிக்குப் பின்னரே. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. வலி தெரியாததால் நோயாளி மணிக்கு மணி விடுவார். எபிதீலியம் ஆறாமல் கார்னியா கரையும்.

8. கண் அழுத்தம்

கருவி இல்லாத இடத்தில் விரலால் பாருங்கள். நோயாளி கீழே பார்க்க, மேல் இமையின் மேல் இரு சுட்டுவிரல்களையும் வைத்து மாறி மாறி மெல்ல அழுத்துங்கள். இரு கண்ணையும் ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மிமீ பாதரசம். விரலால் எண் சொல்ல முடியாது, கல் போல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லலாம். திடீர்க் குளுக்கோமாவுக்கு அதுவே போதும்.

ஷியாட்ஸ் டோனோமீட்டர் (கண் அழுத்தம் அளக்கும் கருவி) இருந்தால் அதன் சோதனைக் கட்டையில் முள் 0 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிட்டில் துடைத்தபின் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் எபிதீலியம் வெந்துவிடும். கண் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் விரலாலும் கூடாது, கருவியாலும் கூடாது.

9. விரித்து உள்ளே பார்த்தல்

ட்ராபிக்கமைடும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த சொட்டு ஒன்று, தேவைப்பட்டால் 10 நிமிடத்தில் இன்னொன்று. 20 முதல் 30 நிமிடத்தில் விரியும். மங்கல் சில மணி நேரம் இருக்கும். பைக் ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் சொட்டு விடும் முன்பே சொல்லிவிடுங்கள். முன்னறை ஆழமற்றவர்க்கும் தலைக்காயத்தோடு கண்காணிப்பில் இருப்பவர்க்கும் விரிக்கக் கூடாது. இரண்டாமவருக்குக் கண்பாப்பாதான் மூளையின் நிலையைச் சொல்லும் மணி.

டைரக்ட் ஆப்தால்மாஸ்கோப்பில் வலது கண்ணை உங்கள் வலது கண்ணால், வலது கையால், இடதை இடதால். அரை மீட்டர் தூரத்திலிருந்து செவ்வொளி (விழித்திரையிலிருந்து திரும்பும் சிவப்பு ஒளி) வருகிறதா பாருங்கள். கருநிழல் தெரிந்தால் நடுவே புரையோ விட்ரியஸ் மறைப்போ இருக்கிறது. செவ்வொளியை விடாமல், காதுப் பக்கமாக 15 டிகிரி சாய்ந்து, 2 முதல் 3 செமீ வரை நெருங்குங்கள். அந்தக் கோணத்தில் போனால் ஆப்டிக் டிஸ்க் (ஆப்டிக் நரம்பு தொடங்கும் வட்டம்) தானாக எதிரே வரும். ரத்தக்குழாய் மட்டும் தெரிந்தால் அதன் கிளைகள் ஒன்றுசேரும் பக்கமாக நகருங்கள்.

போதிய அளவு நெருங்காததுதான் பெரும்பாலோர் தோற்கும் இடம். சாவித்துளை வழியே அறையைப் பார்ப்பதுபோல், விலக விலக தெரியும் பரப்பு சுருங்கும். ஒளியை முழுக்கக் கூட்டி வைப்பது அடுத்த தவறு. நோயாளிக்குக் கூசும், கண்பாப்பாவும் சுருங்கப் பார்க்கும்.

டிஸ்க்கின் விளிம்பு, நிறம், அதில் நடுக் குழியின் விகிதம், பிறகு நான்கு பக்க ரத்தக்குழாய்கள், மேக்குலா கடைசி. மேக்குலாவில் ஒளி அடித்தால் நோயாளி கண்ணை இழுத்துக்கொள்வார், அதனால்தான் கடைசி. இரு கண்ணிலும் டிஸ்க் விளிம்பு மங்கியிருந்தால் ஸ்கேனுக்கு எழுதும் முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

சர்க்கரை நோயில் பார்வை 6/6 இருந்தும் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கலாம். இரண்டாம் வகைக்கு நோய் தெரிந்த அன்றே, முதல் வகைக்கு 5 ஆண்டுக்குள் விரித்துப் பார்க்க அனுப்புங்கள்.

10. சிவந்த கண்: படிகள் ஒன்றுசேரும் இடம்

சிவப்பு எங்கே அதிகம் என்று பாருங்கள். இமைக்குள் அதிகமாகி கார்னியா நோக்கி வரவரக் குறைந்தால் கன்ஜங்டிவைட்டிஸ், ஊர்ச்சொல்லில் மெட்ராஸ் ஐ. கார்னியாவைச் சுற்றி ஊதாச் சிவப்பாக வளையமிட்டால் உள்ளே நோய். இதோடு 3ஆம், 4ஆம், 7ஆம் படிகளின் முடிவுகளைச் சேருங்கள். பார்வையும் கண்பாப்பாவும் கார்னியாவும் சரியாக இருந்தால்தான் மெட்ராஸ் ஐ என்று எழுதலாம்.

கண்பாப்பா சுருங்கி ஒழுங்கற்று இருந்தால் யுவியைட்டிஸ். பாதி விரிந்து நீள்வட்டமாக, ஒளிக்கு அசையாமல், கார்னியா ஆவி படிந்தது போல இருந்தால் திடீர்க் குளுக்கோமா. அவருக்கு வாந்தியும் தலைவலியும் இருப்பதால் மருத்துவ வார்டில் குடல் கோளாறு என்று படுத்திருப்பார். கண்பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் யுவியைட்டிஸுக்கு மருந்து, குளுக்கோமாவுக்கு நஞ்சு. குளுக்கோமா என்றால் அசிட்டஜோலமைடு 500 மிகி, டைமலால் 0.5% சொட்டு கொடுத்து, ஐவி மேனிட்டால் தேவையா என்பதை இதயம், சிறுநீரகம் பார்த்துத் தீர்மானித்து உடனே அனுப்ப வேண்டும். ஐரிஸில் போடும் லேசர் துளை இரு கண்ணுக்கும் தேவைப்படும், ஏனெனில் மறு கண்ணின் அமைப்பும் அதேதான்.

கார்னியாவில் வெள்ளைப் புள்ளி, முன்பு நெல்லோ கரும்புச் சோகையோ முள்ளோ குத்திய கதை என்றால் பூஞ்சைப் புண்ணை முதலில் நினையுங்கள். தென்னிந்தியாவில் ஃபுசேரியமும் அஸ்பெர்ஜில்லஸும் மிகுதி. விளிம்பு இறகு போலிருக்கும், மேற்பரப்பு வறண்டிருக்கும், அருகே சிறு புள்ளிகள் தனியாக நிற்கும். சுரண்டி எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10% விட்டுப் பார்த்தால் இழைகள் தெரியும். பூஞ்சை மருந்தான நாட்டமைசின் 5% மணிக்கொருமுறை. தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் நாட்டமைசின், வோரிகோனசோலைவிட மேலானது என்று தெரிந்தது; குறிப்பாக ஃபுசேரியத்தில்.

ஸ்டீராய்டு சொட்டைச் சிவந்த கண்ணுக்கு எழுதும் உரிமை மாணவருக்கோ ஹவுஸ் சர்ஜனுக்கோ இல்லை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பூஞ்சையும் ஹெர்பிஸும் அதில் கொழுக்கும். சிவப்பு குறைவதால் நோயாளிக்கு நன்றாக ஆவதுபோல் வேறு இருக்கும்.

11. வரிசையை உடைக்க வேண்டிய இடங்கள்

சுண்ணாம்போ ஆசிட்டோ பட்ட கண்ணுக்குப் பார்வை அட்டை வேண்டாம். முதலில் கழுவுங்கள். ஐவி செட் வழியே சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ குறைந்தது 30 நிமிடம். எதுவும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீர். எதிர்ப்பொருள் விட்டுச் சமன்செய்ய முயலாதீர்கள், அந்த வினையின் வெப்பமும் சேர்ந்து சுடும். சுண்ணாம்பு என்றால் இமையை இரட்டையாகப் புரட்டித் துகள்களைப் பட்ஸால் எடுத்தே ஆக வேண்டும். ஒரு துகள் மிஞ்சினாலும் காரம் ஊறிக்கொண்டே இருக்கும். கழுவி நிறுத்தி 5 நிமிடம் கழித்து பிஎச் காகிதம் 7ஐ ஒட்டி வந்தால்தான் முடிந்தது.

கண் குத்திக் கிழிந்திருந்தால் பார்வையை எழுதிவிட்டு நிறுத்துங்கள். சொட்டு, களிம்பு, பஞ்சுக் கட்டு எதுவும் வேண்டாம். எலும்பு விளிம்பில் உட்காரும்படி கெட்டியான மூடி மட்டும். காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டினால் போதும். டெட்டனஸ் ஊசி போட்டு, வாய்வழி எதுவும் கொடுக்காமல் அனுப்புங்கள். இரும்புத் துகள் சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ கூடாது.

வலியில்லாமல் நிமிடங்களில் பார்வை போய், ஆர்ஏபிடியும் மேக்குலாவில் செம்புள்ளியும் இருந்தால் விழித்திரைத் தமனி அடைப்பு. பக்கவாதத்துக்கு ஓடும் அதே வேகத்தில் ஓடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் என்றால் தமனி அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் சோதனைக்கு ரத்தத்தையும் எடுத்துவிடுங்கள்.

12. குழந்தைகள்

பேசாத குழந்தைக்கு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நல்ல கண்ணை மூடினால் அழும், கையைத் தள்ளும். மங்கிய கண்ணை மூடினால் சும்மா இருக்கும். செவ்வொளி இரு கண்ணிலும் ஒத்து வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிடம்கூட ஆகாது. வெள்ளையாகத் தெரிந்தால் ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்று) இல்லை என்று நிரூபிக்கும்வரை அதுதான். "போட்டோவுல ஒரு கண்ணு வெள்ளையா தெரியுது" என்று அம்மா சொன்னால் அதையும் அப்படியே நம்புங்கள்.

34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்போ 1200 கிராமுக்குக் குறைவாகவோ என்றால் 2 முதல் 3 வாரத்தில். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியோடு எழுதுங்கள், "பிறகு காட்டவும்" என்றால் வரமாட்டார்கள்.

மாலைக்கண்ணோ பிடாட் புள்ளியோ (வெள்ளை விழியில் நுரை போன்ற திட்டு) கண்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ 2 லட்சம் அலகு அன்றும், மறுநாளும், 2 வாரம் கழித்தும். 6 முதல் 12 மாதத்துக்கு அதில் பாதி.

13. அனுப்பும் சீட்டு

இரு கண்ணின் பார்வையும் எண்ணாக, பார்த்த மணியோடு. ஆர்ஏபிடி உண்டா இல்லையா. நீங்கள் விட்ட சொட்டுகளின் பெயரும் நேரமும். விரிக்கும் சொட்டு என்றால் எந்தக் கண்ணில் என்பதும். இதை எழுதாமல் அனுப்பினால், அங்கே இருப்பவர் விரிந்த கண்பாப்பாவை நோயாக எண்ணி மூளை ஸ்கேனுக்கு எழுதுவார். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சேருங்கள், மயக்க மருந்து கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி அது.